கிமோனோவைப் பார்த்து வாங்குவதும் பழுதில்லாமல் பேணுவதும்

கிமோனோக் கடைக்குள் நுழைபவரின் கண் முதலில் நிறத்திலும் பூவேலையிலும்தான் போய் நிற்கும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நல்லதைத் தேர்ந்தெடுக்கவும், வாங்கியதைப் பல ஆண்டுகள் கெடாமல் வைத்திருக்கவும் நமக்குக் கைகொடுப்பது அந்த உடை எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவுதான். சுமார் 36 முதல் 38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளிலிருந்து ஒரு கிமோனோ உருவாகிறது. இந்தச் சுருளுக்குத் தான்மோனோ என்று பெயர். அதை நேர்க்கோட்டில் எட்டுத் துண்டுகளாக வெட்டுவார்கள்: உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிக்கு இரண்டு, கழுத்துப்பட்டிக்கு ஒன்று, அதன் மேல் போர்த்தும் பட்டிக்கு ஒன்று. வளைவு வெட்டும் இல்லை, துண்டுத் துணி கழிவதும் இல்லை. மிஞ்சும் அகலத்தைத் தையலுக்குள்ளேயே மடித்து விட்டு, கையால் ஓட்டுத் தையல் போட்டு இணைக்கிறார்கள். தையலைப் பிரித்துத் துண்டுகளை வரிசையாக மறுபடி சேர்த்தால் பழைய சுருள் அப்படியே திரும்பி வரும். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், வீட்டில் எதைச் செய்யக் கூடாது என்று கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

எங்கே உடுத்தப் போகிறீர்கள்?

விலையைக் கேட்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. கிமோனோவின் மதிப்பை விலை தீர்மானிப்பதில்லை. எந்த நிகழ்வுக்கு எது பொருந்தும் என்ற வரிசை ஒன்று ஜப்பானில் தெளிவாக இருக்கிறது. மணமான பெண்களின் உச்ச மரியாதை உடை, கறுப்பு நிறத்தில் ஐந்து குடும்பச் சின்னங்களோடு, இடுப்புக்குக் கீழே மட்டும் ஓவியம் தீட்டிய குரோதோமேசோதே. மணமாகாத இளம்பெண்கள், வயதுவந்தோராவதைக் கொண்டாடும் விழாவிலும் திருமணங்களிலும் அணிவது, கணுக்காலை எட்டும் அளவுக்குக் கை தொங்கும் ஃபுரிசோதே. தையல் கோடுகளைத் தாண்டிச் சித்திரம் தொடர்ச்சியாக ஓடும் ஹோமோங்கி, விருந்துக்கும் தேநீர்ச் சடங்குக்கும் ஏற்றது. ஒரே நிறத்தில் சாயம் தோய்த்த இரோமுஜியில் சின்னம் பொறித்தால் மரியாதை உடை, பொறிக்காவிட்டால் அன்றாட உடை. சிறு வடிவங்கள் உடை முழுவதும் திரும்பத் திரும்ப வரும் கொமோன் கடைவீதிக்கும் நண்பர் வீட்டுக்கும் உரியது. பருத்தியில் தைத்த யுகாதா கோடைக்கால வாணவேடிக்கைக்கும் திருவிழாவுக்கும்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இபாராகி, தோச்சிகி மாவட்டங்களில் பட்டுப் பஞ்சிலிருந்து கையால் இழை இழுத்து நெய்யப்படும் யூகி சுமுகி, 2010இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நெசவு. அமாமி ஓஷிமா தீவில், தேச்சி மரத்தின் சாற்றிலும் இரும்புச் சத்துள்ள சேற்றிலும் மாற்றி மாற்றித் தோய்த்து ஆழ்ந்த கறுப்பு ஏற்றப்படும் ஓஷிமா சுமுகியும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. இரண்டும் மிக விலை உயர்ந்தவை. ஆயினும் சுமுகி என்பது அன்றாட உடை வகையைச் சேர்ந்ததால், பல லட்சம் யென் கொடுத்து வாங்கிய சுமுகியைத் திருமண விருந்துக்கு உடுத்திச் செல்வது பொருத்தமாகாது. அங்கே அதில் பாதி விலைகூட இல்லாத ஒரு ஹோமோங்கியே சரியான உடை. நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றுவது அன்றாடத்துக்கு, வெள்ளையாக நெய்த பிறகு துணிக்குச் சாயமோ ஓவியமோ ஏற்றுவது விழாவுக்கு என்று தோராயமாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓபி எனப்படும் இடைப்பட்டைக்கு இது அப்படியே தலைகீழ்: கியோத்தோவின் நிஷிஜின் தறிகளில் சரிகை கோத்து நெய்யப்படுபவையே விழாவுக்கு உரியவை.

பருவமும் கணக்கில் வரும். அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்த அவாசே. ஜூன், செப்டம்பர் மாதங்களில் உள்துணி இல்லாத ஹிதோயே. ஜூலை, ஆகஸ்டில் ரோ, ஷா போன்ற கண்ணறை நெசவுத் துணிகள். வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் மே மாதத்திலேயே ஹிதோயே உடுத்துவதை யாரும் பெரும்பாலும் குறையாக நினைப்பதில்லை என்றாலும், தேநீர்ச் சடங்கு போன்ற இடங்களில் பழைய கணக்கே செல்லும். முதல் கிமோனோ ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், என் கருத்தில் அது மங்கலான நிறத்தில் ஒரு கொமோன் அவாசேயாக இருக்கட்டும். அதிக நாட்கள் உடுத்தலாம், கட்டிப் பழகலாம், சிறு பிழை நேர்ந்தாலும் மனம் உடையாது.

அளவுதான் முதல் தகுதி

பெண்களுக்கான கிமோனோவை உயரம் பார்த்து வாங்குவது எளிது. தோளிலிருந்து கீழ் ஓரம் வரையுள்ள நீளமான மிதாகே, உடுத்துபவரின் உயரத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடியோ குறைந்தோ இருந்தாலும் பிழையில்லை. மிஞ்சும் நீளத்தை இடுப்பில் மடித்துக் கட்டும் ஓஹஷோரி என்ற மடிப்பு அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். ஆண்களின் கிமோனோவில் அந்த மடிப்பே கிடையாது. கழுத்தெலும்பிலிருந்து கணுக்கால் வரை நீளம் சரியாக அமைந்தால்தான் உண்டு. ஆகவே ஆண்கள் இரவல் அளவில் வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் உண்மையான சோதனை யுகி என்ற அளவில் இருக்கிறது. கையைப் பக்கவாட்டில் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகை தாழ்த்தி நீட்டிக்கொண்டு, பின்கழுத்தில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு எலும்பு வரை அளக்க வேண்டும். துணிச்சுருளின் அகலமே தோளுக்கும் கைக்கும் எல்லை வகுப்பதால், இதை நினைத்த அளவுக்கு நீட்டிவிட முடியாது. பழைய சுருள்கள் இன்றையவற்றைவிடக் குறுகலானவை, அன்று உடுத்தியவர்களும் உயரம் குறைந்தவர்கள்; அதனால் பழைய கிமோனோக்களில் 62, 63 சென்டிமீட்டர் யுகிதான் சாதாரணமாகக் கிடைக்கும். உங்களுக்கு 68 தேவை என்றால் கையின் இணைப்புத் தையலைத் திருப்பி உள்ளே பாருங்கள். தையலுக்குள் விட்டிருக்கும் துணி எத்தனை சென்டிமீட்டரோ, அதைவிடச் சற்றுக் குறைவான அளவுக்கே நீட்ட முடியும். உள்ளே மறைந்திருக்கும் பகுதியின் நிறம் வெளிப்பகுதியைவிட அடர்த்தியாக இருந்தால், பிரித்துத் தைத்த பிறகு தோளில் ஒரு பட்டை தனியாகத் தெரியும். விற்பவர் இதைப் பெரும்பாலும் தாமாகச் சொல்லமாட்டார். கேட்டால் மறைக்கவும் மாட்டார்.

பழைய உடைகளின் சீட்டில் அளவு ஷாக்கு கணக்கில் எழுதியிருந்தால் மிரள வேண்டாம். துணிக்குப் பயன்படும் குஜிரா ஷாக்கு ஒன்று 37.9 சென்டிமீட்டர்; அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு சுன். மிதாகே 4 ஷாக்கு 2 சுன் என்றால் 159 சென்டிமீட்டர். யுகி 1 ஷாக்கு 7 சுன் என்றால் 64 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மரவேலைக்குரிய ஷாக்கு வேறு, அது 30.3 சென்டிமீட்டர், இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

இடுப்புச் சுற்றளவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உடுத்தும்போது இடது முன்பக்கம் வலதின் மேல் வரவேண்டும். மேலே வரும் ஓரம் வலது இடுப்பெலும்பு வரை எட்டினால் போதுமான அகலம் இருக்கிறது என்று பொருள். வலதை இடதின் மேல் போடுவது இறந்தவருக்கு உடுத்தும் முறை என்பதால், கண்ணாடி முன்னால் வெறுமனே போட்டுப் பார்க்கும்போதுகூட அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பழையதைச் சோதிக்கும் முறை

புதிய பட்டுச் சுருள் வாங்கி, உள்துணியும் தையல் கூலியும் சேர்த்தால் சில லட்சம் யென் ஆகும். அதே தரத்துப் பட்டு, யாரோ ஒருவர் இரண்டு மூன்று முறை உடுத்திப் பெட்டியில் வைத்துவிட்டது, பழைய கிமோனோக் கடைகளில் அதன் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. கியோத்தோவின் தோஜி கோயில் வளாகத்தில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதியும், கித்தானோ தென்மங்குவில் 25ஆம் தேதியும் கூடும் சந்தைகளில் ஆயிரம் யென் நோட்டு ஒன்றைக் கொடுத்துப் பட்டு கிமோனோ எடுத்துக்கொண்டு திரும்புவோர் உண்டு. ஆனால் அங்கே வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. குவியலைக் கிளறும்போது பார்க்க வேண்டியதை அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

முதலில் மூக்கு, பிறகுதான் கண். துணியை முகத்தருகே கொண்டு வந்து மூச்சை இழுங்கள். கற்பூர வாசனையும் அந்துருண்டை வாசனையும் நிழலில் தொங்கவிட்டால் சில நாட்களில் போய்விடும். ஈரமண் போன்ற வாசனை பூசணத்தின் அறிகுறி. அது போவதும் கடினம், வீட்டில் உள்ள மற்ற உடைகளுக்கும் தாவும். எவ்வளவு அழகான வேலைப்பாடாக இருந்தாலும் பூசண வாசனை வந்தால் நான் கீழே வைத்துவிடுவேன்.

அடுத்துக் கழுத்துப்பட்டியின் மடிப்பு, மணிக்கட்டில் கையின் ஓரம், அக்குள், கீழ் ஓரம் ஆகிய நான்கு இடங்கள். அக்குளில் மஞ்சளாக வெளிறியிருந்தால் அது வியர்வை பட்டு ஆண்டுக்கணக்கில் ஊறிய கறை. அங்கே நிறம் மட்டுமல்லாமல் இழையே பலவீனப்பட்டிருக்கும். உள்துணியைத் திருப்பிப் பாருங்கள். தேமல்போலச் சிறு பழுப்புப் புள்ளிகள் உள்துணியில் மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, உள்துணியை மாற்றலாம். மேல்துணியிலும் ஊடுருவியிருந்தால் விலை எவ்வளவு மலிவு என்றாலும் யோசிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கிமோனோக்களில் குசும்பாவின் சிவப்பு ஏற்றிய உள்துணி பளபளவென்று இருக்கும். பார்க்க மிக அழகு. ஈரம் பட்டால் மேல்துணியில் சிவப்பு இறங்கிவிடும்.

பிறகு வலிமை. நடுமுதுகின் தையலை இருபக்கமும் இரண்டு கைகளால் பிடித்து மெல்ல விரியுங்கள். ஒருமுறை கியோத்தோவில் ஒரு வயதான கடைக்கார அம்மா எனக்கு இதைக் காட்டித் தந்தார். நான் ஆசையாக எடுத்து வைத்திருந்த மேய்சென் என்ற பட்டுத் துணியில் தைத்த ஊதா நிறக் கிமோனோவை என் கையிலிருந்து வாங்கி, முதுகுப் பகுதியைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரலால் தையலை லேசாக அழுத்தினார். ஊசி இறங்கிய துளை ஒவ்வொன்றும் அரிசி மணியளவுக்குத் திறந்துகொண்டது. துளைகளுக்கு நடுவே ஊடை இழைகள் கீற்றுக் கீற்றாகப் பிரிந்தன. "இதைச் சுவரில் மாட்டிப் பார்க்கலாம், உடுத்திக்கொண்டு உட்கார முடியாது" என்று சொல்லி மடித்து உள்ளே வைத்துவிட்டார். விற்றிருந்தால் அவருக்கு லாபம்தான். அன்றிலிருந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் எதையும் நான் வாங்குவதில்லை. அந்துப்பூச்சித் துளைகளும் அப்போதுதான் கண்ணில் படும்.

உள்துணி கீழ் ஓரத்தில் பைபோல உப்பி வெளியே தெரிந்தால், மேல்துணியும் உள்துணியும் வேறுவேறு அளவில் சுருங்கியிருக்கின்றன என்று பொருள். தையற்காரர் கையில் கொடுத்துச் சரிசெய்துவிடக் கூடிய குறைதான்; ஆனால் அந்தக் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பட்டா, பாலியெஸ்டரா என்ற சந்தேகத்துக்கு, தையலுக்குள்ளிருந்து கழன்று தொங்கும் ஓர் இழையை எரித்துப் பார்க்கலாம், கடைக்காரரின் இசைவோடுதான். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் செயற்கை இழை. பெயர்பெற்ற நெசவுகளுக்கு, சுருளின் முனையில் ஒட்டிய சான்றுச் சீட்டே அத்தாட்சி. ஓஷிமா சுமுகியில் அமாமியில் நெய்ததற்கு உலக உருண்டை முத்திரையும், ககோஷிமாவில் நெய்ததற்குக் கொடி முத்திரையும் இருக்கும். சீட்டும் சுருளின் முனையில் மிஞ்சிய மிச்சத் துணியும் கிமோனோவோடு சேர்ந்து வந்தால், அதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே.

கூடவே வேண்டியவை

கிமோனோ மட்டும் வாங்கி வீட்டுக்கு வந்து, உடுத்த முடியாமல் விழிப்பவர்கள் பலர். குறைந்தது நாகஜுபான் என்ற உள்கிமோனோ, அதன் கழுத்தில் தைக்கும் வெள்ளைப் பட்டியான ஹான்யேரி, நான்கைந்து கட்டுக் கயிறுகள், ஓபி, ஓபிக்கு மேல் கட்டும் ஓபிஜிமே கயிறு, மேல் ஓரத்தில் சுற்றும் ஓபியாகே துணி, பெருவிரல் பிரிந்த தாபிக் காலுறை, சோரி செருப்பு ஆகியவை தேவை. விழாவுக்குரிய ஃபுகுரோ ஓபி சுமார் 31 சென்டிமீட்டர் அகலமும் நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் கொண்டது; கட்டிப் பழகுபவருக்கு அதைவிடக் குட்டையான நகோயா ஓபியே எளிது. யுகாதாவுக்குப் பாதி அகலமுள்ள ஹன்ஹபா ஓபி போதும், நாகஜுபானும் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. இன்றைய கிமோனோக்களின் கை, மேலிருந்து கீழாகப் பெரும்பாலும் 49 சென்டிமீட்டர். பழையவற்றில் அதற்கு மேல் எவ்வளவும் இருக்கலாம். நாகஜுபானின் கை நீளமும் யுகியும் கிமோனோவைவிட ஒன்றரை சென்டிமீட்டர்போலக் குறைவாக இருந்தால்தான் உள்ளே அடங்கும். என் முதல் கொமோனை நாகஜுபான் அளவு பார்க்காமல் வாங்கிவிட்டு, கையை உயர்த்தும்போதெல்லாம் வெள்ளைத் துணி எட்டிப் பார்க்க, அன்று மாலை முழுவதும் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

புதிதாகத் தைத்து வாங்கியதாக இருந்தால், ஓரங்களில் நீளமான வெள்ளைத் தையல் தளர்வாக ஓடியிருக்கும். மடிப்புக் கலையாமல் இருக்கப் போட்டது அது. உடுத்துவதற்கு முன் பிரித்துவிட வேண்டும். கழுத்துப்பட்டி ஓரத்தில் புள்ளி புள்ளியாக நெருக்கமாகத் தெரியும் நுண்தையல் அப்படியல்ல. அது அழகுக்காகவும் உறுதிக்காகவும் போட்டது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பிரித்துவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

கழற்றிய அன்று இரவு

கிமோனோவைப் பேணுவதில் மிக முக்கியமான வேலை, அதைக் கழற்றிய உடனே செய்யும் வேலைதான். உடலின் ஈரம் உள்ளே தங்கியிருக்கும் நிலையில் மடித்து வைத்தால் பூசணத்துக்கு நாமே இடம் கொடுத்ததாகும். கைகள் முழு நீளத்துக்கும் தாங்கலாக நிற்கும்படியான எமோன்காகே என்ற நீண்ட மாட்டியில், நேர்வெயிலும் விளக்கின் வெளிச்சமும் படாத, காற்றோட்டமான அறையில் சில மணி நேரமோ ஓர் இரவோ தொங்கவிடுங்கள். நாட்கணக்கில் தொங்கவிடக் கூடாது. துணியின் கனமே அதன் வடிவத்தை இழுத்துக் கெடுக்கும், உள்துணியும் தொய்ந்துவிடும். தொங்கும்போதே மென்மையான வெல்வெட் துணியால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கழுத்து, கை ஓரம், மடி, கீழ் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். நாகஜுபான், ஓபி, கயிறுகள் எல்லாவற்றுக்கும் இதே காற்று வேண்டும்.

கறை பட்டால் தேய்க்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனெனில் கை தானாகவே தேய்க்கத்தான் போகும். ஒரு தேநீர் விருந்தில், சிரிமென் என்ற நுண்சுருக்கப் பட்டில் தைத்த கிமோனோவின் மடியில் இரண்டு சொட்டுத் தேநீர் விழ, நான் ஈரக் கைக்குட்டையால் பரபரவென்று துடைத்தேன். தேநீர் போய்விட்டது. அந்த இடத்தில் மட்டும் பட்டின் நுண்சுருக்கம் மழுங்கி, இழைகள் வெண்மையாகச் சிராய்த்து, சாய்த்துப் பார்த்தால் இன்றும் ஒரு நாணயமளவுக்குத் தெரிகிறது. கறை நீக்குபவர் தேநீரை எடுத்திருப்பார். சிராய்ப்பை யாராலும் எடுக்க முடியவில்லை. 1720ஆம் ஆண்டு முதல் தாங்கோ பகுதியில் நெய்யப்பட்டு வரும் அந்தச் சிரிமென் துணியில், ஊடை நூலை மீட்டருக்கு மூவாயிரம் முறை வரை முறுக்கி நெய்கிறார்கள். நெய்த பின் பசை நீக்கும்போது முறுக்கு தளர முயன்று துணியைச் சுருக்குவதால்தான் அந்த அழகிய மேடுபள்ளம் உண்டாகிறது. நீர் பட்டால் அந்த நூல் மறுபடியும் சுருங்கும். தேய்த்தால் மேடுகள் அறுபடும். ஆகவே உலர்ந்த வெள்ளைத் துணியை மேலே வைத்து ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, என்ன பட்டது என்று ஒரு சீட்டில் எழுதி, கறை நீக்கும் நிபுணரிடம் சீக்கிரமாகக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிட வேண்டும். மழையில் நனைந்தாலும் இதே முறைதான்: ஒற்றி, தொங்கவிட்டு, தானாக உலரவிடுங்கள். சூட்டுக் காற்று காட்ட வேண்டாம்.

மடிப்பும் பெட்டியும்

மடிப்பு என்பது தையல் கோட்டின் மேல் தையல் கோட்டை வைப்பதுதான். உடை நேர்க்கோடுகளால் ஆனதால் புதிய கசங்கல் எதுவும் விழாமல் செவ்வகமாக அடங்கிவிடும். கழுத்து உங்கள் இடப்புறமும் கீழ் ஓரம் வலப்புறமும் வருமாறு சுத்தமான விரிப்பின் மேல் பரப்புங்கள். உங்கள் பக்கம் இருக்கும் முன்பகுதியைப் பக்கத் தையலில் மடித்து, அதன் ஓரப்பட்டையை, அதாவது ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்தத் துண்டை, அதன் தையலிலேயே உங்களை நோக்கித் திருப்புங்கள். எதிர்ப்பக்கத்து ஓரப்பட்டையைக் கொண்டுவந்து கழுத்தோடு கழுத்தும் ஓரத்தோடு ஓரமும் பொருந்த அதன் மேல் வையுங்கள். பின்கழுத்தை உள்ளே மடித்து, எதிர்ப்பக்கத் தையலைத் தூக்கி இப்பக்கத் தையலின் மேல் படியவிட்டால் உடல் பாதி அகலமாகிவிடும். மேலே உள்ள கையை உடலின் மேல் திருப்பி வைத்து, நீளத்தை இரண்டாக மடித்து, மீந்திருக்கும் கையை அடியில் செலுத்தினால் முடிந்தது. முதல் இரண்டு முறை அரைமணி நேரம் ஆகும். பிறகு கை தானாகப் போகும். சரிகையும் சித்திரத் தையலும் இருக்கும் இடங்களில் மெல்லிய வெள்ளைத் தாளை இடையில் வையுங்கள்.

மடித்ததைத் தாதோஷி என்ற உறையில் வைக்க வேண்டும்; வாஷி எனும் மரபான ஜப்பானியத் தாளால் ஆனது அது. அந்தத் தாள் ஈரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். அதில் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் அதன் வேலை முடிந்தது, புதியது மாற்றுங்கள். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் பையில் அப்படியே வைப்பதைவிடப் பெரிய தவறு வேறில்லை. கிரி மரத்தில் செய்த அலமாரி காற்றின் ஈரத்துக்கேற்பத் தானே உப்பியும் சுருங்கியும் உள்ளிருக்கும் துணியைக் காப்பதால் மரபாகப் போற்றப்படுகிறது. அது இல்லாவிட்டாலும் தரையிலிருந்து உயரமான, சுவரோடு ஒட்டாத ஓர் இழுப்பறை போதும். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்துக்கு மேல் அடுக்க வேண்டாம், கனமானது அடியில் இருக்கட்டும்.

பூச்சி மருந்தில் ஒரே வகையைப் பயன்படுத்துங்கள். கற்பூரத்தையும் அந்துருண்டையையும் சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி நீராகி, எடுக்க முடியாத கறையை உண்டாக்கும். ஆவி கீழ்நோக்கி இறங்கும் என்பதால் மருந்தைத் துணியில் படாமல் இழுப்பறையின் மூலைகளில் மேலே வைக்க வேண்டும். தங்க, வெள்ளிச் சரிகை உள்ள ஓபிகளை மருந்தில்லாத இழுப்பறையில் தனியாக வையுங்கள். ரப்பர் பட்டை போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளிச் சரிகையைக் கறுக்கச் செய்துவிடும்.

உடுத்தாத கிமோனோவையும் காற்றாட விட வேண்டும். ஜப்பானில் இதற்கு மூன்று பருவங்கள் குறித்திருக்கிறார்கள்: மழைக்காலம் ஓய்ந்த பின் ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை தோயோபோஷி, செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் வரை முஷிபோஷி, ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை கன்போஷி. இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்த பிறகு வரும் தெளிந்த நாளில், காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை நிழலில் தொங்கவிடுவது வழக்கம். மூன்று முறை இயலாதவர்கள் குளிர்காலத்து ஒன்றையாவது விடாதிருங்கள். காற்று மிக வறண்டிருக்கும் அந்த நாட்களில்தான் பட்டு நன்றாக மூச்சு விடுகிறது.

சலவை

பருத்தி யுகாதாவை வீட்டிலேயே துவைக்கலாம். மடித்து வலைப் பையில் போட்டு, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்புக் கரைசலில் அலசி, கஞ்சி போட்டு, தையல்களைக் கையால் இழுத்து நேராக்கி நிழலில் உலர்த்த வேண்டும். அவுரிச் சாயம் ஏற்றியது முதல் சில சலவைகளில் நீலத்தை இறக்கும், அதைத் தனியாகத் துவையுங்கள். பாலியெஸ்டர் கிமோனோவுக்கும் ஏறக்குறைய இதே முறைதான்.

பட்டைக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் கிமோனோ வேலை தெரிந்தவரிடம். அங்கே எதைக் கேட்பது என்று தெரிந்திருப்பது அவசியம். மாரு அராய் என்பது தைத்தபடியே முழு உடைக்கும் செய்யும் உலர் சலவை. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் போகும், வியர்வை போகாது. வியர்வை நீரில் கரைவதால் அதற்கு அசேநுகி என்று தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் உடுத்தியதை இது செய்யாமல் பெட்டியில் வைத்தால், அடுத்த சில ஆண்டுகளில் அக்குளில் அந்த மஞ்சள் வெளிப்படும். ஒவ்வொரு முறை உடுத்திய பிறகும் சலவைக்கு அனுப்ப வேண்டியதில்லை. பருவம் முடிந்து உள்ளே வைக்கும்போது ஒருமுறை போதும்.

பல ஆண்டுகள் உடுத்தி மெருகு மங்கிய கிமோனோவுக்கு அராய் ஹரி என்ற முறை இருக்கிறது. தையல் முழுவதையும் பிரித்து, எட்டுத் துண்டுகளையும் வரிசையாகச் சேர்த்துத் தைத்து, மறுபடியும் ஒரு சுருளாக்கி நீரில் அலசி, குறுக்கே மெல்லிய மூங்கில் குச்சிகளைப் பொருத்தி விறைப்பாக நீட்டி உலர்த்துவார்கள். பட்டு மீண்டும் பளபளக்கும். அந்தச் சமயத்தில் யுகியை நீட்டலாம், உள்துணியை மாற்றலாம், அடர்ந்த நிறத்தை மேலே ஏற்றிக் கறைகளை மூடலாம், தேய்ந்துபோன ஓரத்தை மறைவான இடத்துக்குத் தள்ளித் துண்டுகளை இடம் மாற்றித் தைக்கலாம். உடுத்தும் அளவுக்கு வலிமை இல்லையென்றால் ஹவோரி மேலாடையாகவோ ஓபியாகவோ மாற்றலாம். இந்த வேலைக்குக் கொடுக்கும்போது, வாங்கிய அன்று கூடவே வந்த மிச்சத் துணியையும் எடுத்துச் செல்லுங்கள். தையற்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.